ஜாஸ் கிற்றாரின் தந்தியும் நாதமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கருவியின் உடலமைப்பு, அதனை ஆக்கிய கைவினைஞரின் திறன், அதனை வாசித்த கலைஞரின் மேதைமை ஆகியவற்றை விரிவாக எடுத்துரைப்பது வழக்கம். கலைஞரின் விரலுக்கும் கருவியின் உடலுக்கும் இடையே நின்று ஒலியைப் பிறப்பிக்கும் தந்தி பற்றி ஓரிரு வாக்கியங்களோடு அமைந்துவிடுவர். தந்தி விலை குறைந்தது, தேய்ந்தால் கழற்றி வீசப்படுவது, நூதனசாலையில் இடம்பெறாதது. எனினும், ஓர் இசைமரபின் ஒலிப்பண்பு எவ்வாறு உருவாகின்றது என்ற வினாவுக்கு விடை தேடுமிடத்து, வீசியெறியப்படும் இப்பொருள் பகரும் சான்று மிகப் பெறுமதியானது.

ஜாஸ் இசைக்கே உரியது எனப் பொதுவாகக் கருதப்படும் கனிந்த கிற்றார் நாதத்தை எடுத்துக்கொண்டு, அது எத்தகைய தந்திகளால், எத்தகைய உற்பத்திச் சூழலில், யாருடைய கைகளால் உருவாக்கப்பட்டது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். எந்தத் தந்தியைத் தெரிவுசெய்தால் அந்நாதம் கிடைக்கும் என்பது கிற்றார் பயில்வோர் பலரும் கேட்கும் வினா. அது நியாயமான வினாவே. ஆயினும், ஒரு நாதம் கடையில் வாங்கக்கூடிய பொருளாகத் தோற்றமளிக்கத் தொடங்கியது எப்போது, அத்தோற்றத்தால் மறைக்கப்படுவது யாது என்ற வினாக்களையும் அதனோடு சேர்த்தே கேட்டல் வேண்டும்.

1. சொல்லும் பொருளும்

ஆங்கிலம் பேசும் இசைக்கலைஞர் இந்நாதத்தை வெப்பத்தோடு தொடர்புபடுத்திப் பேசுவர். குளிர்நாட்டு மக்களுக்கு வெம்மை இதமானது. ஆதலால் இனிமைக்கு அதுவே உவமையாயிற்று. வெயில் மிகுந்த நிலத்தில் வளர்ந்த எமது மொழியிலோ குளிர்ந்த மொழி, குளிர்ந்த பார்வை என்பனவே இதமானவை. ஆகவே, அச்சொல்லை நேரடியாகப் பெயர்ப்பின் பொருள் மாறிவிடும். கனிவு, குழைவு என்னும் சொற்களே இவ்விடத்துப் பொருந்துவன. ஒலியியல் நோக்கிற் கூறுவதாயின், அடிப்படைச் சுரமும் அதனை அடுத்த சில மேற்றொனிகளும் ஓங்கிநிற்க, உயர் மேற்றொனிகள் அடங்கிய நிலையே இக்கனிவாகும். உயர் மேற்றொனிகள் மிகுமாயின் நாதம் கூர்மையும் பளபளப்பும் பெறுகின்றது.

தந்தியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லும் இங்கு நினைவுகூரத்தக்கது. யாழின் தந்தியைப் பண்டைய நூல்கள் நரம்பு என்றே வழங்கின. விலங்கின் உடலிலிருந்து பெறப்பட்ட பொருளே முதலில் தந்தியாயிற்று என்பதற்கு அச்சொல்லே சான்றாகின்றது. உலோகத்தாலான கம்பி வழக்குக்கு வந்த பின்னரும் பழைய பெயர் இலக்கியத்தில் நிலைத்தது. தந்தியின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையால் ஆராயும் முயற்சியும் எமக்குப் புதியதன்று. விஞ்ஞானக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூல் அவ்வழியில் அமைந்த பெருநூலாகும். அந்நூல் சுருதியை ஆராய்ந்தது. நாம் இங்கு ஆராய முனைவது ஒலிப்பண்பினை.

2. குடல் நரம்பிலிருந்து உருக்குக் கம்பிக்கு

ஐரோப்பியக் கிற்றாரின் தந்திகள் நெடுங்காலம் செம்மறியாட்டுக் குடலாற் செய்யப்பட்டன. கனமான தந்திகளுக்குப் பட்டு இழைமேல் உலோகக் கம்பி சுற்றும் முறையும் பின்னர் வழக்குக்கு வந்தது. மத்திய இத்தாலியின் அப்றுற்சிப் பிரதேசத்து மலைக்கிராமமான சாலே இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. மந்தை மேய்ப்பும் குடல் பதனிடுதலும் அங்கு ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. இன்று உலகெங்கும் தந்தி விற்கும் டடாரியோ நிறுவனத்தின் குடும்பம் அக்கிராமத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்குக்குப் புலம்பெயர்ந்தது. வறிய தென் இத்தாலியிலிருந்தும் மத்திய இத்தாலியிலிருந்தும் அமெரிக்கா சென்ற இலட்சக்கணக்கான மக்களோடு தந்தித் தொழிலும் கடல் கடந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

குடல் நரம்பின் நாதம் இயல்பாகவே கனிவானது. ஆனால் அதன் உரப்புக் குறைவு, ஈரப்பதனுக்கேற்பச் சுருதி மாறும், விரைவில் அறும். 19ஆம் நூற்றாண்டின் கைத்தொழில் வளர்ச்சி இதற்கு மாற்றினை வழங்கியது. பியானோவுக்கெனப் பெருமளவில் இழுக்கப்பட்ட உருக்குக் கம்பி உறுதியும் மலிவும் ஒருங்கே வாய்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஐக்கிய அமெரிக்கா உலகின் முதன்மையான உருக்கு உற்பத்தி நாடாயிற்று. அஞ்சல் வழி விற்பனை நிறுவனங்கள் மலிவான கிற்றார்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பின. அவற்றை வாங்கியோருள் தென்மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளரும் அடங்குவர்.

உருக்குத் தந்தியின் பரவலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1893இல் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1898இல் அத்தீவுகள் ஐக்கிய அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. அத்தீவுகளின் கலைஞர் மடியில் கிடத்தி, உலோகத் துண்டினால் தந்தியை வருடி வாசிக்கும் முறையை வளர்த்திருந்தனர். 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குப் பின்னர் அவ்விசைமீது அமெரிக்க நகரங்களில் பெருமோகம் எழுந்தது. அம்முறைக்கு உருக்குத் தந்தி இன்றியமையாதது. 1833இல் நிறுவப்பட்டுக் குடல் நரம்புக் கிற்றார்களையே செய்துவந்த மார்ட்டின் நிறுவனம், 1922 முதல் உருக்குத் தந்திக்கெனவே அமைந்த கிற்றாரை வழமையான உற்பத்தியாக வெளியிடத் தொடங்கியது. நாடிழந்த ஒரு மக்களின் இசை, அந்நாட்டை விழுங்கிய நாட்டின் கருவியையே மாற்றியமைத்தது எனலாம்.

3. உரப்பின் சுமை

தொடக்ககால ஜாஸ் குழுக்களில் கிற்றாரைவிடப் பான்ஜோவே மிகுதியாக இடம்பெற்றது. ஆபிரிக்க மூலங்களைக் கொண்ட அக்கருவியின் கூரிய ஒலி, ஊதுகருவிகளுக்கும் முரசுக்கும் இடையே தெளிவாகக் கேட்டது. புனல் வழியாக ஒலியைப் பதிந்த அக்கால இசைத்தட்டு முறைக்கும் அது ஏற்றதாயிருந்தது. கிற்றார் அவ்விடத்தைப் பெறவேண்டுமாயின் உரத்து ஒலித்தல் வேண்டும். கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1922இல் அறிமுகப்படுத்திய எல்-5 என்னும் கிற்றார் அத்தேவைக்கு விடையளித்தது. லொயிட் லோரின் மேற்பார்வையில் உருவான அக்கருவி வயலின் போன்று குடைந்து வளைக்கப்பட்ட மேற்பலகையையும் எஃப் வடிவத் துளைகளையும் உடையது. அதன்மேல் தடித்த உருக்குத் தந்திகள் மிக்க இழுவையோடு பூட்டப்பட்டன.

1925இல் ஒலிவாங்கி வழிப் பதிவு முறை வழக்குக்கு வந்ததும் கிற்றாரின் நுண்மையும் இசைத்தட்டில் இடம்பெறலாயிற்று. பிலடெல்பியாவில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாக 1902இல் பிறந்த எடி லாங், கிற்றாரைத் தனித்து ஒலிக்கும் கருவியாக உயர்த்தியோருள் முதல்வர். நியூ ஒர்லியன்சைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞரான லொனி ஜோன்சன் ஒற்றைத் தந்தியில் நீண்ட சுரவரிசைகளைப் பாடவைக்கும் ஆற்றல் மிக்கவர். 1928இலும் 1929இலும் இவ்விருவரும் இணைந்து வாசித்த பதிவுகள் கிற்றார் வரலாற்றின் தலையாய ஆவணங்களாகும். ஆயின் அத்தட்டுகளில் லாங்கின் பெயர் இல்லை. கறுப்பின மக்களுக்கெனத் தனியே விற்கப்பட்ட தட்டுவரிசையில் வெள்ளையர் ஒருவரின் பெயர் இடம்பெறலாகாது எனக் கருதிய வணிகம் அவருக்கு வேறு பெயர் சூட்டியது. இரு கலைஞரும் ஒரே அறையில் அமர்ந்து இசைத்தனர். தட்டின் மேலொட்டிய தாளில் இனவொதுக்கல் அச்சிடப்பட்டது. பின்னாளில் லொனி ஜோன்சன் இசையாற் பிழைக்க இயலாது, 1950களின் இறுதியில் பிலடெல்பியாவில் ஒரு விடுதியின் துப்புரவுப் பணியாளராக இருந்தபோதே மீளக் கண்டறியப்பட்டார்.

1930களின் பெருங்குழுக்களில் கிற்றார் தாளத்தைக் காக்கும் கருவியாக நிலைபெற்றது. கவுண்ட் பேசி குழுவில் 1937இல் இணைந்து, 1987இல் இறக்கும்வரை தொடர்ந்த பிரெடி கிறீன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தந்திகளைப் பலகையினின்றும் மிக உயர்த்திப் பூட்டி, ஒலிபெருக்கியின் துணையின்றி, பதினைந்துக்கும் மேற்பட்ட கலைஞரின் ஒலிக்கிடையே ஒவ்வோர் அடியையும் அவர் உணர்த்தினார். இத்தகைய வாசிப்புக்கு இடதுகையின் வலிமை இன்றியமையாதது. ஒலியை உரக்கச் செய்யும் சுமை முழுவதையும் தந்தியும், தந்தி வழியாக உழைப்பாளியின் கையுமே தாங்கின.

இவ்விடத்து ஐரோப்பாவின் மாற்று வழியையும் நோக்குதல் தகும். பிரான்சில் வாழ்ந்த றோமா இனக் கலைஞர் ஜாங்கோ றைன்ஹார்ட், செல்மர் நிறுவனம் 1932இல் வெளியிடத் தொடங்கிய கிற்றாரில், வெள்ளிப்பூச்சுள்ள செம்புக்கம்பி சுற்றிய மெல்லிய உருக்குத் தந்திகளை மீட்டினார். அவருடைய நாதம் கூர்மையும் மின்னலும் வாய்ந்தது. அதுவும் ஜாஸ் நாதமே. ஆகவே, கனிந்த நாதமே ஜாஸின் இயல்பு என்ற கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது. அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட சூழலில் மேலோங்கிய தெரிவாகும்.

4. மின்சாரமும் விடுதலையும்

அச்சூழலைத் தோற்றுவித்தது மின்காந்த ஒலிபற்றி. பிக்கப் என வழங்கும் இக்கருவியில், நிலையான காந்தத்தைச் சூழக் கம்பிச்சுருள் அமைந்திருக்கும். இரும்புத்தன்மை வாய்ந்த தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. 1936இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்.-150 இவ்வகைக் கிற்றார்களுள் ஜாஸ் உலகில் முதலில் வேரூன்றியது. ஒலிபெருக்கியோடு சேர்த்து அதன் விலை ஏறத்தாழ 150 டொலர். பெருமந்த காலத்தில் ஓர் உழைப்பாளிக்கு இது சிறிய தொகையன்று.

ஒக்லகோமா நகரின் வறிய கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த சார்லி கிறிஸ்ரியன் இக்கருவியைக் கைக்கொண்டார். பள்ளிக்காலத்தில் அவர் சுருட்டுப் பெட்டிகளால் கிற்றார் செய்து வாசித்தார் என்பதை அதே நகரில் வளர்ந்த எழுத்தாளர் றால்ப் எலிசன் பதிவுசெய்துள்ளார். 1939இல் பெனி குட்மன் குழுவில் இணைந்த கிறிஸ்ரியன், சக்சபோன் கலைஞர் லெஸ்ரர் யங்கின் மிதந்து செல்லும் சொற்றொடர்களை ஒத்த சுரவரிசைகளைக் கிற்றாரில் இசைத்தார். 1941இல் ஹார்லமின் மின்ற்றன் விடுதியில் நள்ளிரவுக்குப் பின்னர் நிகழ்ந்த கூட்டிசைகளில் பிபொப் என்னும் புதுநெறி உருவானபோது அவரும் அங்கிருந்தார். வறுமையின் நோயான சயரோகம் அவரை 1942 மார்ச்சில், 25 வயதில் கொண்டுசென்றது. இரண்டாண்டுக்கும் குறைந்த பதிவுக்காலம் ஒரு கருவியின் வரலாற்றை மாற்றப் போதுமானதாயிற்று.

அவருடைய நாதம் கனிந்திருந்ததற்கான காரணங்களை நோக்குமிடத்து மூன்று புலனாகின்றன. முதலாவது, ஒலிபற்றி விரற்பலகையின் முடிவை அண்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அவ்விடத்தில் தந்தியின் அடிப்படை அதிர்வு வலுவாகப் பற்றப்படும். இரண்டாவது, அக்கால வெற்றிடக்குழாய் ஒலிபெருக்கிகளும் அவற்றின் ஒலிபரப்பிகளும் உயர் மீடிறன்களைச் செவ்வனே வெளிப்படுத்த வல்லனவல்ல. மூன்றாவது, உரப்புக்கெனப் பழைய காலத்தில் ஏற்கப்பட்ட தடித்த தந்திகளே மின்கிற்றாரிலும் தொடர்ந்தன. ஆகவே, பின்வந்தோர் அழகியல் இலட்சியமாகப் போற்றிய நாதத்தின் ஒரு கூறு தொழினுட்பத்தின் போதாமையாலும், மற்றொரு கூறு முந்தைய உழைப்பு முறையின் எச்சத்தாலும் அமைந்தது. இவற்றையெல்லாம் ஒரு மொழியாக்கியது கிறிஸ்ரியனின் செவியும் கையுமே. அதே விலைக்கு அதே கிற்றாரை வாங்கிய பிறர் பலர் இருந்தனர்.

மின்சாரம் செய்த அடிப்படை மாற்றம் இதுவே: உரப்பின் சுமையைத் தந்தியினின்றும் அது இறக்கிவைத்தது. சுமை இறங்கியபின் ஒலிப்பண்பு தெரிவுக்குரியதாயிற்று. தந்தியைத் தெரிவுசெய்தல் என்ற பேச்சுக்கே அதன்பின்னரே முழுப்பொருள் உண்டாயிற்று.

5. தெரிவின் பௌதிகம்

இனித் தந்தித் தெரிவின் கூறுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது தடிப்பு. நீளமும் சுருதியும் மாறாதிருப்பின், தந்தியின் இழுவை அதன் திணிவுக்கு நேர்விகிதமானது. ஒரே உலோகத்தாலான வெறுந்தந்தியில் அது விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப அமையும். 24.75 அங்குல நீளமுள்ள கிற்றாரில் முதலாந் தந்தியை வழமையான சுருதிக்கு ஏற்றுவதாகக் கொள்வோம். 0.010 அங்குல உருக்குத் தந்தி ஏறத்தாழ 7 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவை கொள்ளும், 0.012 அங்குலத் தந்தி 10 கிலோகிராம், 0.014 அங்குலத் தந்தி 13 1/2 கிலோகிராமுக்குச் சற்று மேல். இத்தந்தி விரலுக்கு எவ்வளவு வேலை தருகின்றது என்பது இதனாற் புலப்படும். தடித்த தந்தி விறைப்பு மிக்கது. அதில் உயர் மேற்றொனிகள் விரைவில் தேய்கின்றன. அடிச்சுரம் உடலோடு நிற்கின்றது. ஜாஸ் கிற்றார்களில் 0.012 அங்குல முதற்றந்தியைக் கொண்ட தொகுதி நடுவழியாகக் கொள்ளப்படுகின்றது.

இரண்டாவது சுற்றுமுறை. உட்கம்பியின் மேல் வட்டமான கம்பியைச் சுற்றுவது உருள்சுற்று. சுற்றுகளுக்கிடையே வரப்பும் பள்ளமும் அமைவதால் தந்தி எளிதில் வளைகின்றது, மேற்றொனிகள் செழிக்கின்றன, விரல் நகரும்போது கீச்சொலியும் எழுகின்றது. வட்டக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாவைச் சுற்றுவது தட்டைச்சுற்று. வணிகர் இதனைப் பிளற்வவுண்ட் என்பர். இதன் மேற்பரப்பு வழவழப்பானது. அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று உராய்ந்து உயர் மேற்றொனிகளைத் தணிக்கின்றன. ஒலி விரைவில் அடங்குவதால் ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றது. உருள்சுற்றைச் சுற்றிமுடித்து மேற்புறத்தை அராவி மட்டமாக்கும் இடைநிலை வகையும் உண்டு. நைலோன் நாடா சுற்றிய கறுப்புத் தந்தி இவை யாவற்றினும் அடங்கிய ஒலியுடையது.

மூன்றாவது உலோகம். செம்பும் நாகமும் கலந்த கலப்புலோகத்தை வணிகர் வெண்கலம் என்றே அழைப்பர். அது மின்சாரமற்ற கிற்றாருக்கு ஏற்றது. ஆயின் அது காந்தத்தால் ஈர்க்கப்படாததாகையால், ஒலிபற்றி அத்தந்தியின் உட்கம்பியை மட்டுமே உணரும். வெறுந்தந்திகள் உரத்தும் சுற்றுத்தந்திகள் நலிந்தும் ஒலிக்கும். மின்கிற்றாருக்கு நிக்கல், நிக்கல் பூசிய உருக்கு, துருவேறா உருக்கு என்பனவே பொருந்தும். இவற்றுள் தூய நிக்கல் கனிவு மிக்கது. துருவேறா உருக்கு கூர்மை மிக்கது. பூசிய உருக்கு இடைப்பட்டது. 1919இல் வியன்னாவில் நிறுவப்பட்ட தொமாஸ்ரிக்-இன்பெல்ட் நிறுவனத்தின் நிக்கல் தட்டைச்சுற்றுத் தந்திகளை ஜாஸ் கலைஞர் பலர் விரும்புவதன் காரணம் இதுவே.

நான்காவது மூன்றாந் தந்தி. மெல்லிய தொகுதிகளில் இது சுற்றில்லாத வெறுங்கம்பி. தந்தியை வளைத்துச் சுருதியேற்றுவோருக்கு அது வாய்ப்பானது. தடித்த தொகுதியில் வெறுங்கம்பியாக அமைப்பின் விறைப்பு மிகுந்து, அதன் ஒலி ஏனைய தந்திகளோடு இசையாது விலகி நிற்கும். விரற்கட்டைகளில் சுருதியும் பிசகும். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஜாஸ் வாசிப்புக்குச் சுற்றிய மூன்றாந் தந்தியே உகந்தது.

ஐந்தாவது காலம். புதிய தந்தியின் பளபளப்பு, வியர்வையும் அழுக்கும் சுற்றுகளிடையே படியப் படியக் குறைகின்றது. கனிவை நாடுவோர் தந்தியை அடிக்கடி மாற்றாதிருப்பது சிக்கனமும் பயனும் ஒருங்கே தருவதாகும். சுருதி நில்லாது பிசகத் தொடங்கும்போது மாற்றினாற் போதும்.

6. கைகள் நான்கு

மேற்கூறிய விதிகள் உண்மையே. ஆயினும் கலைஞரின் வரலாற்றை நோக்கின் அவை விதிகளாக மட்டும் நிற்பதில்லை.

இந்தியானாபொலிஸ் நகரின் வெஸ் மொன்ற்கோமறி தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளை மீட்டுக்கோலின்றிப் பெருவிரலின் சதையால் மீட்டினார். பெருங்குடும்பத்தைத் தாங்கிய அவர் பகலில் தொழிற்சாலையில் உழைத்து இரவில் விடுதிகளில் இசைத்தவர். அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கவே பெருவிரலுக்கு மாறினார் என்று கூறப்படுகின்றது. 1960இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டில் கேட்கும் பருத்த நாதம், நெருக்கமான குடியிருப்பும் ஓய்வற்ற உழைப்பும் விதித்த கட்டுப்பாட்டைக் கலையாக மாற்றியதன் விளைவு. 1968இல் 45 வயதில் அவர் மறைந்தார்.

ஜிம் ஹோல் ஒப்பீட்டளவில் மெல்லிய தட்டைச்சுற்றுத் தந்திகளையே விரும்பினார். ஒலிபெருக்கியைச் சற்று உயர்த்தி, தந்தியை மென்மையாகத் தொடுவதால் அவர் கனிவைப் பெற்றார். 1962இல் பியானோக் கலைஞர் பில் எவன்சோடு அவர் செய்த பதிவில் கிற்றாரின் மரவொலியும் மின்னொலியும் ஒன்றுகலந்து கேட்கின்றன. தடித்த தந்தியின்றிக் கனிவில்லை என்ற கூற்றை அவருடைய வாசிப்பே மறுக்கின்றது. மறுபுறம், 2021இல் மறைந்த பற் மாட்டினோ மிகத் தடித்த தந்திகளை வன்மையாக மீட்டிக் கரிய, அடர்ந்த நாதத்தைப் படைத்தார்.

சார்லி பேர்ட் வேறொரு வழியில் சென்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் தேவைக்கென ஒதுக்கப்பட்டதனால் ஏற்பட்ட தட்டுப்பாடு, நைலோன் தந்தியைத் தோற்றுவித்தது. அத்தந்தியோடு, 1962இல் சக்சபோன் கலைஞர் ஸ்ரான் கெற்சுடன் அவர் பதிந்த ஜாஸ் சம்பா பிரேசிலிய இசையை அமெரிக்காவில் பரப்பியது. குடல் நரம்பின் பழைய கனிவு இரசாயனக் கைத்தொழிலின் வழியாக மீண்டது எனலாம்.

ஜோ பாஸ் 1973இல் தனிக்கிற்றாரில் பதிந்த இசைத்தட்டால் உலகப் புகழ் பெற்றவர். சிசிலியிலிருந்து குடியேறிய அவருடைய தந்தை பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்டவுன் நகர உருக்காலைத் தொழிலாளி. தந்தை உலையருகில் நின்ற பொருளின் இழையே மகனின் விரலடியில் அதிர்ந்தது. கலையை அதன் பொருளியல் அடித்தளத்தோடு பொருத்திக் காண மறுப்போர் இத்தொடர்பைத் தற்செயல் என்பர். ஆயின், கிற்றார்த் தந்தியைச் செய்தோரும் அதற்கான உலோகத்தை எடுத்தோரும் அதனை மீட்டியோரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தின் மக்களாயிருந்தனர் என்பது தற்செயலன்று.

7. சுரங்கமும் சந்தையும்

உலோகத்தின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். 1930களில் கிற்றார்த் தந்திகளுக்குப் பயன்பட்ட மொனெல் என்னும் கலப்புலோகம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் எஞ்சிய பெரும்பகுதி செம்பும் கொண்டது. கனடாவின் சட்பரிச் சுரங்கங்களின் தாதுவில் அவ்விரண்டும் கலந்திருந்த விகிதத்தை அடியொற்றியே அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. 1969இல் அதே சட்பரியில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது நிக்கலின் விலை உலகச் சந்தையில் உயர்ந்தது. அக்காலப் பகுதியையொட்டித் தந்தி உற்பத்தியாளர் தூய நிக்கலினின்றும் நிக்கல் பூசிய உருக்குக்குப் பெருமளவில் மாறினர். மாற்றத்துக்கு விலையேற்றம் மட்டுமே காரணமன்று. கூரிய ஒலியை விரும்பிய றொக் இசையின் சந்தையும் உடன்நின்றது. எனினும், சுரங்கத்தின் ஆழத்தில் நிகழும் போராட்டம் தந்தியின் விலையையும் அதன் வழியாக ஒலியையும் தொடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

1950களில் மின்கிற்றார்களிற் பரவலாயிருந்த தட்டைச்சுற்று, 1960களில் பின்னடைந்தது. தந்தியை வளைத்து வாசிக்கும் புளூஸ் மரபைக் கைக்கொண்ட இளைஞர்க்கு மெல்லிய தந்தி தேவைப்பட்டது. 1962இல் கலிபோர்னியாவில் ஏர்னி போல் விற்கத் தொடங்கிய மெல்லிய தொகுதி அத்தேவையை நிறைவுசெய்தது. பெருஞ்சந்தை அவ்வழிச் சென்றபின், தடித்த தட்டைச்சுற்று ஒரு சிறுபான்மையின் அடையாளமாயிற்று. 1930களில் உழைப்பின் கட்டாயமாயிருந்தது, 1970களின் பின்னர் தூய மரபின் சின்னமாகப் போற்றப்படலாயிற்று. கலைஞரின் பெயர்களைத் தாங்கிய தந்தித் தொகுதிகள் உயர்விலைக்கு விற்கப்படுகின்றன. 1976இல் முதற்றட்டை வெளியிட்ட பற் மெதினி போன்றோர் தட்டைச்சுற்றைப் புதிய மின்னணுக் கருவிகளோடு இணைத்து அதற்கு வேறுயிர் தந்தமையும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

பண்டம் தன்னைத் தோற்றுவித்த உழைப்பை மறைத்து, அவ்வாற்றல் தனக்கே உரியது போல் தோற்றமளிக்கும் என்பது மார்க்சிய ஆய்வின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. கனிந்த நாதம் உறையிலிட்டு விற்கப்படும்போது நிகழ்வதும் அதுவே. சார்லி கிறிஸ்ரியனின் சயரோகமும் லொனி ஜோன்சனின் துடைப்பமும் வெஸ் மொன்ற்கோமறியின் உறங்காத இரவுகளும் அவ்வுறையில் அச்சிடப்படுவதில்லை. ஓர் ஒடுக்கப்பட்ட மக்களின் கலைஞரும், அவரோடு தோள்கொடுத்த குடியேறிகளின் பிள்ளைகளும் படைத்த அழகியல், உலோகத்தின் குணமாகக் காட்டப்படுகின்றது.

இதனால், தந்தித் தெரிவு பயனற்றது என்று நாம் கூறவில்லை. பொருளின் இயல்பை அறியாது கலை செய்ய இயலாது. கனிவை நாடும் மாணவர் 0.012 அங்குல முதற்றந்தியோடும் சுற்றிய மூன்றாந் தந்தியோடும் அமைந்த நிக்கல் தட்டைச்சுற்றுத் தொகுதியொன்றைப் பூட்டிப் பார்க்கலாம். பொருள்வசதி இல்லாதார் கைவசமுள்ள உருள்சுற்றைப் பழகவிட்டு, விரற்பலகையை அண்டிய ஒலிபற்றியைத் தெரிந்து, தொனிக்குமிழைச் சற்றுக் குறைத்து, தந்தியைப் பலகையின் முடிவுக்கருகே மென்மையாகத் தொட்டு மீட்டலாம். முன்னதன் பெரும்பகுதி பின்னதிலும் கிட்டும். கிற்றாரைக் கற்பிப்போர் தந்தியின் தடிப்பைச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், 1928ஆம் ஆண்டுப் பதிவொன்றை ஒலிக்கச்செய்து, தட்டிலே பெயர் மாற்றப்பட்டது ஏன் என்பதையும் சொல்லிக்கொடுப்பாராயின், மாணவரின் செவி இன்னும் நுட்பமாகும் என்பது எமது கருத்து.